காந்திமதியின் இங்கிலீஷ்

"மேடம், ஐ டோட்டலி கெட் இட்" என்றாள் காந்திமதி.

சிவஞானம் அப்போதுதான் தன் வாக்கியத்தை மனதுக்குள் கட்டி முடித்திருந்தார். மது கணக்கில் பின்தங்கியிருக்கிறாள், வகுப்பில் வாயையே திறப்பதில்லை என்று மகளின் வகுப்பாசிரியை சொன்னதிலிருந்து அதைத்தான் கட்டிக்கொண்டிருந்தார். 'மை வார்டு ஹாஸ் பீன் ஃபேஸிங் சர்டன் டிஃபிகல்டீஸ்.' 'ஹாஸ் பீன்' சரிதானா என்று ஒருமுறை பார்த்து, சரிதான் என்று உறுதிசெய்துகொண்டு வாயைத் திறந்தபோது பக்கத்து நாற்காலியிலிருந்து மனைவியின் குரல் முந்திக்கொண்டு போய்விட்டது. அது நிற்கவும் இல்லை. ஷீ இஸ் கைண்ட் ஆஃப் ஓவர்வெல்ம்டு மேடம், ஹானஸ்ட்லி வீட்டில் நிறையப் பேசுவாள், வகுப்பு என்றால்தான் ஷீ ஜஸ்ட் ஃப்ரீஸஸ் என்று அவள் சொல்லச் சொல்ல, அதுவரை மேஜை மீதிருந்த தாளையே பார்த்துக்கொண்டிருந்த ஆசிரியை நிமிர்ந்து உட்கார்ந்தார். தானும் பள்ளியில் அப்படித்தான் இருந்ததாகச் சொல்லிச் சிரித்தார். காந்திமதியும் சிரித்தாள். கடைசியில் அந்த அம்மாள், "நீங்களும் டீச்சரா?" என்று ஆங்கிலத்தில் கேட்டார். அதுவரை ஒருமுறைகூட அவர் சிவஞானத்தின் பக்கம் திரும்பவில்லை.

வீடு பக்கத்தில்தான். டெல்லி லோதி ரோடு அரசாங்கக் குடியிருப்பில் இரண்டாவது மாடி. நடந்தே திரும்பினார்கள். மது முன்னால் தோழியோடு இந்தியில் பேசிக்கொண்டு போனாள். வேப்பமர நிழலில் பழவண்டிக்காரன் கொய்யாவுக்குத் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தான்.

"இதெல்லாம் எங்க படிச்ச?" என்று கேட்டார்.

"படிக்கலைங்க. கேட்டேன். ரீல்ஸ்ல ஒரு பொண்ணு தெனமும் ஒண்ணு சொல்லித் தருவா. நான் பாத்திரம் தேய்க்கையில அது பாட்டுக்கு ஓடிக்கிட்டுக் கெடக்கும்."

"கெட்னா வாங்குதது. 'டோட்டலி கெட் இட்'னா முழுசா வாங்கிக்கிடுதேன்னா?"

"புரியுதுன்னு அர்த்தம்."

"அதுக்குத்தான் 'ஐ அண்டர்ஸ்டாண்ட்'னு ஒண்ணு இருக்கே."

காந்திமதி கொஞ்சம் யோசித்தாள். "இருக்கு. அத ஆபீசர் சொல்லுவாங்க. இத பக்கத்து வீட்டுக்காரங்க சொல்லுவாங்க."

கொய்யா வேண்டுமா என்று அவள் கேட்டதற்கு அவர் வேண்டாம் என்று தலையை மட்டும் ஆட்டினார்.

சிவஞானம் கல்லிடைக்குறிச்சியில் தமிழ் மீடியத்தில் படித்தவர். தேர்வு எழுதி டெல்லிக்கு வந்தபோது ஆங்கிலம் அவருக்குக் கண்ணால் மட்டுமே பழக்கமான மொழி. முனிர்காவில் ஊர்ப் பையன்களோடு ஒண்டிக்கொண்டிருந்த நாட்களில், மற்றவர்கள் கிரிக்கெட் பார்க்கும் நேரத்தில், செய்தித்தாளின் தலையங்கத்தை மொட்டைமாடிக்கு எடுத்துப் போய் உரக்க வாசிப்பார். ஒரு வாக்கியத்தை உடைத்து, எது எழுவாய் எது பயனிலை என்று பிரித்து, மறுபடி ஒட்டிப் பார்ப்பார். அப்படிக் கல் உடைத்துக் கற்ற ஆங்கிலம். அமைச்சகத்தில் இன்று சிக்கலான பதில் எது வந்தாலும் 'சிவஞானத்திடம் கொடு, டிராஃப்ட் பண்ணுவார்' என்பார்கள். அவர் எழுதியதில் மேலதிகாரிகள் கமாவைக்கூடத் தொடமாட்டார்கள். ஆனால் பேச்சு வேறு. கூட்டங்களில் அவர் வாயெடுத்தால் முதல் பாதி வருவதற்குள், நேரடியாக அதிகாரியாக வந்த சின்னப் பையன்கள் யாராவது மறுபாதியைச் சொல்லி முடித்துவிடுவார்கள். அவரும் 'யெஸ், யெஸ், தட் ஒன்லி' என்று சொல்லி உட்கார்ந்துவிடுவார்.

அந்த ஆங்கிலத்துக்கு மதிப்பு இருந்த ஒரே சபை அவர் வீடு. கல்யாணமாகிப் பாளையங்கோட்டையிலிருந்து வந்த காந்திமதிக்கு அப்போது இந்தியும் கிடையாது, ஆங்கிலமும் கிடையாது. இந்தியைக் காய்கறிக்காரனிடமும் எதிர்வீட்டுப் பஞ்சாபி அம்மாளிடமும் சீக்கிரமே பிடித்துக்கொண்டாள். ஆங்கிலம் மட்டும் அவர் வசம் இருந்தது. பேங்கில், பள்ளிக்கூடத்தில், ரயில்வே ஆபீசில் அவர்தான் அவளுக்கு வாய். மது வயிற்றில் இருந்தபோது டாக்டரம்மாள் ஆங்கிலத்தில் சொல்வதையெல்லாம் அவர் கேட்டு, அவளுக்கு எவ்வளவு போதும் என்று முடிவுசெய்து, தமிழில் சொல்வார். டாக்டர் நீளமாகப் பேசினாலும் காந்திமதியிடம் வந்து சேர்வது 'ஒண்ணும் பயமில்லையாம்' என்பதாகத்தான் இருக்கும். அவள் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருப்பாள். அந்தப் பார்வை அவருக்குப் பழகிப்போயிருந்தது. பள்ளிக்கூட நாற்காலியில் உட்கார்ந்திருந்த அன்றைக்குத்தான், அது தன் மீது இல்லாமல் போய் வெகுநாளாகிவிட்டதோ என்று தோன்றியது.

அடுத்த வாரம் கேண்டீனில் பாலசுப்ரமணியம் வந்து எதிரில் உட்கார்ந்தார். பக்கத்துப் பிரிவில் வேலை பார்க்கும் திருச்சிக்காரர். போனை நீட்டி, "சார், இது உங்க வீட்டம்மாதானே?" என்றார்.

திரையில் அவருடைய சமையலறை. அவர் கரோல்பாக்கில் வாங்கிய நீல டப்பாக்கள். முன்னால் காந்திமதி, தலை நிறையப் பூவும் இல்லாமல் பொட்டுகூட மாற்றாமல் வீட்டில் இருக்கிறபடியே நின்றாள். ஒருவர் மன்னிப்புக் கேட்டால் 'நோ ப்ராப்ளம்' என்று மட்டும் சொல்லாமல் வேறு எப்படியெல்லாம் சொல்லலாம் என்று தமிழில் ஆரம்பித்து, 'நோ வொரீஸ்', 'ஆல் குட்', 'டோன்ட் ஸ்வெட் இட்' என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக் காட்டினாள். கடைசிச் சொல்லுக்கு வேர்வை துடைக்கிற மாதிரி முந்தானையை எடுத்து ஒற்றிக்கொண்டாள்.

"என் மிஸஸ் தினம் இதைத்தான் பாக்கறா சார். காந்தி அக்கா, காந்தி அக்கான்னு ஒரே பேச்சு. எனக்கு நேத்துதான் புரிஞ்சுது, இது நம்ம சார் வீடாச்சேன்னு. நீங்கதானே ட்ரெயினிங்?"

"ஆமா, சும்மா பொழுதுபோக்கா..." என்றார் சிவஞானம். ராஜ்மாவைச் சோற்றோடு பிசைந்தவர் பிசைந்துகொண்டே இருந்தார். அந்த நீல டப்பாக்களை யார் யாரோ பார்த்திருக்கிறார்கள். பாலசுப்ரமணியத்தின் மனைவி பார்த்திருக்கிறாள். அவருக்குத்தான் தெரியவில்லை.

சாயங்காலம் வீட்டில் அதைப் பற்றிக் கேட்கவில்லை. கேட்டால் தெரியாதிருந்தது தெரிந்துவிடும். மதுவைத் தனியாகப் பிடித்து, அம்மா வீடியோ போடுகிறாளாமே என்றார்.

"நாலு மாசமா போடறா. அம்மா உங்கள்ட்ட சொன்னாளே, நீங்க நியூஸ் பாத்துட்டு அச்சா அச்சான்னீங்க." மது போனிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "அம்மா இங்கிலீஷ் கூல்ப்பா. நீங்க பேசினா இமெயில் படிக்கற மாதிரி இருக்கு."

ஒருநாள் பல்வலி என்று மத்தியானமே வீட்டுக்கு வந்தார். செருப்பைக் கழற்றும்போதே சிரிப்புச் சத்தம் கேட்டது. யாரோ விருந்தாளி வந்திருக்கிறார்கள் என்றுதான் முதலில் நினைத்தார். காந்திமதியின் சிரிப்பு அவருக்குத் தெரியும். கையால் வாயை மறைத்துக்கொண்டு மூக்கு வழியாக வரும் சிறிய சிரிப்பு. இது வாய்விட்டுச் சிரித்து, நிறுத்தி, மறுபடி தொடங்கும் சிரிப்பு. பால்கனியில் துணிகளுக்கு நடுவே காதில் இயர்போனோடு நின்றுகொண்டிருந்தாள். 'நோ நோ, டேக் யுவர் டைம்' என்றாள். பிறகு நெடுநேரம் ஒன்றும் பேசாமல் கொடிக்கம்பியைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தாள். பிறகு 'தேர் யூ கோ!' என்று சொல்லிவிட்டு மறுபடி அந்தச் சிரிப்பு.

அவரைப் பார்த்ததும் சாதாரணமாக 'ஐ ஹாவ் டு கோ நிகில், டாக் டுமாரோ' என்று வைத்தாள்.

"யாரு?"

"நிகில்னு ஒரு பையன். நாக்பூர். இங்கிலீஷ் பேசிப் பழகுதவங்களுக்குன்னு ஒரு குரூப் இருக்கு, அதுல சேத்து விடுவாங்க. தெனமும் மத்தியானம் கொஞ்ச நேரம். என்ன, பல்லா? லவங்கத் தைலம் எடுத்து வைக்கட்டா?"

ஒளிவுமறைவு இல்லாமல்தான் சொன்னாள். அதுதான் அவரைக் குடைந்தது. அவள் ஓடிப்போய்விடுவாள் என்றெல்லாம் அவர் நினைக்கவில்லை. அந்தப் பயத்துக்கு ஒரு பெயர் இருந்திருக்கும். சண்டை போட்டிருக்கலாம். அவர் நினைத்தது வேறு. ஆங்கிலத்தில் இருக்கும்போது அவள் வேறு ஒருத்தியாக இருக்கிறாள். வாய்விட்டுச் சிரிக்கிற, 'டேக் யுவர் டைம்' என்று யாருக்கோ பொறுமையாகச் சொல்கிற ஒருத்தி. அவளை நாக்பூரில் இருக்கும் முகம் தெரியாத ஒருவனுக்குத் தெரியும். இத்தனை வருடம் ஒரே கூரையின் கீழ் இருந்தவருக்கு அறிமுகமே இல்லை. பல்லில் தைலம் வைத்த பஞ்சைக் கடித்துக்கொண்டு படுத்திருந்தபோது, அவன் வயது என்ன இருக்கும் என்று கேட்காமல் விட்டது ஞாபகம் வந்தது. இனிமேல் கேட்க முடியாது.

மறுநாள் மதிய இடைவேளையில் அலுவலகப் புல்வெளியில் உட்கார்ந்து அவளுடைய வீடியோக்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். குற்றம் தேடித்தான் பார்த்தார். கிடைத்தது. ஒன்றில் 'லெட்ஸ் டிஸ்கஸ் அபௌட் இட்' என்றாள். சிவஞானத்துக்கு உடம்பு சிலிர்த்தது. புதிதாக ஒரு கணக்குத் தொடங்கினார். 'கரெக்ட் யூசேஜ்' என்று பெயர் வைத்து, பேனா படம் ஒன்றைப் போட்டார். கோப்பில் குறிப்பு எழுதும் அதே நிதானத்தோடு எழுதினார்: 'இட் இஸ் அப்சர்வ்டு தட் தி வெர்ப் டிஸ்கஸ் டஸ் நாட் டேக் அபௌட். யூ ஆர் ரெக்வெஸ்டட் டு லேர்ன் பிஃபோர் யூ டீச்.'

அனுப்பியதும் பல்வலி குறைந்த மாதிரி இருந்தது.

அவள் அழுவாள், அல்லது கோபப்படுவாள், அல்லது ராத்திரிச் சாப்பாட்டின்போது 'ஏங்க, டிஸ்கஸுக்கு அபௌட் வராதா?' என்று தன்னிடமே வந்து கேட்பாள் என்று எதிர்பார்த்தார். கடைசியாகச் சொன்னதைத்தான் மிகவும் எதிர்பார்த்தார். ஒன்றும் நடக்கவில்லை. மறுநாள் புதிய வீடியோ வந்தது. காந்திமதி இரண்டு கையையும் கூப்பியிருந்தாள். "எனக்கு ஒரு சார் கெடச்சிருக்காங்க. நான் தப்பாச் சொன்னத திருத்தியிருக்காங்க. தேங்க் யூ சார். டிஸ்கஸ்னாலே ஒண்ணப் பத்திப் பேசுததுன்னுதான் அர்த்தம். அதுக்குப் பின்னால இன்னொரு அபௌட் எதுக்கு? நம்ம ஊர்ல கேட்டுக் கதவுன்னு சொல்லுவோம்லா, கேட்டும் கதவும் ஒண்ணுதான, அந்த மாதிரி."

அவள் அதுவரை போட்ட எதுவும் அப்படிப் பரவியதில்லை. துபாயிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் பெண்கள் எழுதினார்கள். கரெக்ட் யூசேஜுக்கு 'கேட்டுக் கதவு சார்' என்று பெயர் வைத்துவிட்டார்கள். அவர் விடவில்லை. 'லிட்ரலி' என்பதைத் தேவையில்லாத இடத்தில் போடுகிறாய் என்று எழுதினார். 'லோ-கீ' என்பது இசை பற்றிய சொல் என்று எழுதினார். ஒவ்வொன்றுக்கும் அவள் மறுநாள் பதில் சொன்னாள். சிலதை ஒத்துக்கொண்டாள். சிலதுக்கு, "சார், இப்பம் எல்லாரும் இப்படித்தான் சொல்லுதாங்க, வார்த்தையும் வளரும்லா?" என்று தலையைச் சாய்த்துக் கேட்டாள். 'சார்' என்று சொல்லும்போது அவள் குரலில் ஒரு குழைவு வந்தது.

சிவஞானம் மதிய இடைவேளைக்காகக் காத்திருக்க ஆரம்பித்தார். டிபன் டப்பாவைத் திறக்கும் முன் போனைத் திறந்தார். வீட்டில் அவர்களுக்கு இடையே பேச்சு என்றால் பால், கரண்டு பில், மதுவின் டியூஷன். இங்கே அவள் அவருக்காக யோசித்து, அவருக்காகத் தலைவாரி, அவரைப் பார்த்துப் பேசினாள். ஆனால் அது அவர் இல்லை. பேனா படம் போட்ட எவனோ ஒருவன். அந்த எவனோ ஒருவனை அவள் 'என் சார்' என்றாள். அந்தச் சொல்லைக் கேட்ட அன்று அவருக்குத் தயிர்சாதம் இறங்கவில்லை. தான் இட்டுக்கட்டிய ஒரு பெயரின் மீதே பொறாமைப்படும் ஆள் இந்த ஊரில் தான் ஒருவனாகத்தான் இருக்கும் என்று நினைத்தார். அப்படி நினைத்தும் அது குறையவில்லை.

இதற்குள் நிகில் வேறு வந்து சேர்ந்தான். கரெக்ட் யூசேஜின் ஒரு குறிப்புக்குக் கீழே, 'அங்கிள், ரிலாக்ஸ். ஷீ இஸ் ஹெல்பிங் பீப்பிள். வாட் ஆர் யூ டூயிங்?' என்று எழுதியிருந்தான். அதற்கு நிறையப் பேர் இதயம் போட்டிருந்தார்கள். போட்டவர்களில் காந்திமதி இருக்கிறாளா என்று சிவஞானம் விரலால் தள்ளித் தள்ளிப் பார்த்தார். இருந்தாள்.

நவம்பரில் ஒருநாள் ஆபீசிலிருந்து வந்தவரைக் கதவிலேயே நிறுத்தி, "ஒண்ணு சொல்லணும்" என்றாள். நொய்டாவில் ஒரு கம்பெனி, பெண்களுக்கு போனிலேயே ஆங்கிலம் சொல்லிக் கொடுக்கிறதாம். தமிழ்ப் பெண்களுக்குப் பேச்சுத்துணை மாதிரி ஓர் ஆள் வேண்டுமாம். வீடியோ பார்த்துவிட்டுக் கூப்பிட்டிருக்கிறார்கள். அடுத்த வாரம் போனிலேயே இன்டர்வியூ. அவள் முகம் அடுப்புப் பக்கம் நின்றது போல் சிவந்திருந்தது. "நிகில்தான் என் பேர அங்க குடுத்திருக்கான்" என்றாள்.

"நல்லதுதான்" என்றார் சிவஞானம். கைகால் கழுவப் போனார்.

மறுநாள் புல்வெளியில் கரெக்ட் யூசேஜ் எழுதியதில் இலக்கணமே இல்லை. மதிய நேரங்களில் யாரோடு அப்படிச் சிரிக்கிறாய், உன் கணவருக்கு அது தெரியுமா என்று மட்டும் எழுதினார். அனுப்பிவிட்டுப் போனை அணைத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். கூட்டம் ஒன்று இருந்தது. அது முடிய சாயங்காலமாகிவிட்டது.

பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து போனைத் திறந்தபோது அவர் வரிக்குக் கீழே பதில்கள் எல்லை தெரியாமல் ஓடிக்கொண்டிருந்தன. முன்பின் தெரியாத ஆண்கள். கொஞ்சம் தமிழ், கொஞ்சம் இந்தி, கொஞ்சம் ஆங்கிலம். யாரடி அந்த மத்தியான ஆள் என்று ஒருவன். அவளுடைய உடம்பைப் பற்றி ஒருவன். மகள் இருக்கிறாளாமே என்று ஒருவன். அவர் அவசரமாகத் தன் வரியைத் தேடி அழித்தார். அது போய்விட்டது. அதற்குக் கீழே முளைத்தவர்கள் வேறு வேறு இடங்களில் தனித்தனியாக முளைத்துக்கொண்டிருந்தார்கள். இறங்க வேண்டிய நிறுத்தம் தாண்டி, ஜங்புரா வரை போய்த் திரும்பி நடந்து வந்தார்.

வீட்டில் தோசை சுட்டுக்கொண்டிருந்தாள். அவர் தட்டில் தோசை விழுந்தது, சட்னி விழுந்தது. மது தன் அறையைச் சாத்திக்கொண்டு கிடந்தாள். பள்ளியில் யாரோ அந்தப் பக்கத்தைப் படமெடுத்து வகுப்புக் குரூப்பில் போட்டுவிட்டார்கள் என்று பிறகுதான் தெரிந்தது. மறுநாள் மதிய இடைவேளையில் சிவஞானம் தேடியபோது வீடியோக்கள் ஒன்றுகூட இல்லை. பக்கமே இல்லை. இன்டர்வியூவுக்கு வர முடியாது என்று காந்திமதி சொல்லிவிட்டதாக மதுதான் சொன்னாள்.

அந்த வாரம் பேங்கில் ஒரு தவறான பிடித்தம் பற்றிப் பேச வேண்டியிருந்தது, ரயில் டிக்கெட் ரத்தானதற்குப் போன் பேச வேண்டியிருந்தது. காந்திமதி போனை அவர் பக்கம் நகர்த்தி வைத்தாள். பழைய மாதிரி. அவர் பேசினார், வைத்தார், 'ஒண்ணும் பயமில்லை' என்றார். அவள் தலையாட்டினாள். அவர் இத்தனை மாதமாக வேண்டியது இதைத்தான். கையில் வாங்கிப் பார்த்தபோது இதில் ஒன்றும் இல்லை. அவள் அவர் முகத்தைப் பார்க்கவில்லை, போனைத்தான் பார்த்தாள்.

கேண்டீனில் பாலசுப்ரமணியம் கேட்டார். "அக்கா ஏன் சார் நிறுத்திட்டாங்க? என் மிஸஸ் ரொம்ப வருத்தப்படறா. போன மாசம் எங்கம்மாவ ஆஸ்பத்திரில காட்டினப்ப அவளே டாக்டர்ட்ட பேசிட்டா சார், நான் வெளில நின்னேன்." எவனோ ஒரு பொறுக்கி ஏதோ எழுதிவிட்டானாமே என்றார். ஆமாம், எவனோ ஒருத்தன் என்றார் சிவஞானம்.

ஞாயிற்றுக்கிழமை காலை காந்திமதி பச்சைப் பட்டாணியை உரிக்க உட்கார்ந்தாள். குளிர்காலம் பிறந்தால் அந்தக் குடியிருப்பில் எல்லா வீட்டுப் பால்கனியிலும் அதுதான் வேலை. வெயில் பால்கனிக்குள் இறங்கியிருந்தது. சிவஞானமும் எதிரில் உட்கார்ந்து ஒரு பிடி எடுத்துக்கொண்டார்.

"மொதல் நாளே எனக்குத் தெரியும்" என்றாள்.

அவர் நிமிரவில்லை.

"இந்தக் காலத்துல யாருங்க 'இட் இஸ் அப்சர்வ்டு'ன்னு எழுதுதா? வாசிச்ச ஒடனே சிரிப்பாணி வந்துட்டு. ஒரு பக்கம் சந்தோசமா இருந்துது. நாம பேசுதத ஒக்காந்து கேட்டிருக்காங்களேன்னு. டிஸ்கஸ் எங்க வருது, அபௌட் எங்க வருதுன்னு பாக்கணும்னா முழுசாக் கேட்டிருக்கணும்லா."

ஒரு பட்டாணி துள்ளித் தரையில் ஓடியது. அதை எடுத்துப் பாத்திரத்தில் போட்டாள்.

"அதுக்குத்தான் சார், சார்னு பேசினேன். ஒங்களுக்குத்தான் பேசினேன். தெனமும் சாயங்காலம் நீங்க வந்ததும், இன்னைக்காவது வாயத் தொறந்து 'நாந்தாட்டி அது'ன்னு சொல்லிச் சிரிப்பீங்கன்னு பாப்பேன். டீயக் குடிச்சிட்டு நியூஸப் போட்டுருவீங்க."

"காந்தி, அந்தக் கடைசியில எழுதுனது..."

"அது அப்சர்வ்டு மாதிரி இல்ல. அது வேற மாதிரி இருந்துது." அவள் கை நிற்கவில்லை. "மத்தியானம் நான் சிரிச்சது இந்த வீட்டுல ஒருத்தருக்குத்தான் தெரியும்."

"அழிச்சிட்டேன். அன்னைக்கே அழிச்சிட்டேன்."

"தெரியும். நான் எல்லாத்தையும் அழிச்சிட்டேன்."

கீழே யாரோ ஸ்கூட்டரை உதைத்துக் கிளப்பிக்கொண்டிருந்தார்கள். அவள் அடுத்த பிடியை எடுத்தாள்.

"நிகிலுக்குத் திக்குவாய். கால் சென்டர்ல வேலைக்குச் சேரணும்னு அவனுக்கு ஆச. ஒரு வார்த்த வெளிய வரதுக்கு அவ்ளோ நேரமாகும். பேசப் போற எடத்துலல்லாம் மத்தவங்க சொல்லி முடிச்சிருவாங்களாம். நான் முடிக்க மாட்டேன், காத்துக்கிட்டு நிப்பேன். வந்துட்டுன்னா ரெண்டு பேரும் சிரிப்போம். அம்புட்டுத்தான் அந்தச் சிரிப்பு." உரித்த தொலியைக் காகிதத்தில் கூட்டினாள். "எனக்கும் அப்படி யாராச்சும் நின்னா நல்லாருக்கும்னு தோணும். நான் பாதி சொல்லும்போதே நீங்க முடிச்சிருவீங்க."

சிவஞானம் வாயைத் திறந்தார். தவறு நேர்ந்துவிட்டது, வருந்துகிறேன் என்கிற வாக்கியம் அவருக்கு எத்தனையோ வடிவங்களில் தெரியும். ஏற்பட்ட சிரமத்துக்கு வருத்தம் தெரிவிக்கப்படுகிறது. எத்தனை பேருக்கு எழுதிக் கொடுத்திருக்கிறார். அதில் செய்தவர் யார் என்று வராது. அதுதான் அந்த வாக்கியத்தின் வசதி. தமிழில் அவர் இந்த வீட்டில் யாரிடமும் அதைச் சொன்னதில்லை. திறந்த வாயோடு கொஞ்ச நேரம் இருந்தார். காந்திமதி பாத்திரத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போகவில்லை. உட்கார்ந்திருந்தாள். காத்திருந்தாள் என்றும் சொல்லலாம். "தப்புதான்" என்று ஒரு சொல் வந்தது. அடுத்தது வரவில்லை. அவள் இன்னும் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு எழுந்தாள்.

அதற்குப் பிறகு சண்டை என்று ஒன்றும் இல்லை. சமையல் நடந்தது, துணி காய்ந்தது, மது பள்ளிக்குப் போகத் தொடங்கினாள். ஆனால் போன் வந்தால் காந்திமதி அவர் பக்கம் நகர்த்துவதில்லை. தானே பேசினாள். கற்றுக்கொண்ட புதுச் சொல் எதையும் அவர் காதில் போடுவதில்லை. அம்மாவும் மகளும் அடுக்களையில் ஏதோ சொல்லிச் சிரிப்பார்கள், அவர் போனால் உப்பு பற்றிப் பேசுவார்கள். ஆபீசில் அவர் பழக்கத்தில் போனை எடுத்து, இல்லாத பக்கத்தைத் தேடுவார். துபாயிலும் சிங்கப்பூரிலும் யாரோ ஒருத்தி, அவள் முந்தானையால் நெற்றியை ஒற்றியதை நினைவில் வைத்திருக்கக்கூடும். அவர்கள்மேல் பொறாமையாக இருந்தது.

டிசம்பர் கடைசியில் ஒரு சனிக்கிழமை. நொய்டாக்காரர்கள் மறுபடி கூப்பிட்டிருப்பதாக மது சொன்னாள். நிகில் அவர்களிடம் விடாமல் கேட்டிருக்கிறான். காந்திமதி அவரிடம் சொல்லவில்லை. காலையிலேயே தலைக்குக் குளித்து, ஊதாப் புடவையை உடுத்தி, அதன்மேல் அவருடைய பழைய சாம்பல் ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டாள். வெளிச்சம் அங்கேதான் நன்றாக இருக்கிறது என்று பால்கனியில் நாற்காலியைப் போட்டாள். பூந்தொட்டி விளிம்பில் போனைச் சாய்த்து வைத்தாள். உள்ளே வந்து அவரைப் பார்த்தாள். மறுபடி வெளியே போய்க் கண்ணாடிக் கதவை இழுத்துச் சாத்தினாள்.

சிவஞானம் செய்தித்தாளோடு உள்ளேயே உட்கார்ந்திருந்தார். கண்ணாடி பழையது, கனமானது. சத்தம் வரவில்லை. காந்திமதி போனுக்கு வணக்கம் சொன்னாள். பேச ஆரம்பித்தாள். கையை விரித்தாள், விரலை மடக்கினாள், ஓரிடத்தில் நிறுத்தி வானத்தைப் பார்த்தாள். எந்தச் சொல்லையோ தேடுகிறாள். அவருக்கு அது என்ன சொல் என்று தெரிந்துகொள்ள வேண்டும்போல் இருந்தது. செய்தித்தாளை மடியில் இறக்கினார். அந்தப் பக்கம் யாரோ காத்திருந்திருக்க வேண்டும், அவள் அவசரப்படவே இல்லை. பிறகு சொல் கிடைத்துவிட்டது. அவள் உதடுகள் குவிந்து, விரிந்து, சேர்ந்தன. கண்ணாடிக்கு இந்தப் பக்கம், அவருக்குத் தெரியாமலே, சிவஞானத்தின் உதடுகளும் குவிந்து, விரிந்து, சேர்ந்தன. பிடிபடவில்லை. அவள் அடுத்த சொல்லுக்குப் போய்விட்டாள். அவர் மறுபடியும் உதட்டைக் குவித்தார்.